தாலிக்கொடிக்கு ஒரு துப்பாக்கி

பரிஸில், லா சப்பல் மெட்ரோப் படிகளில் ஒருவன் பின்னாலிருந்து என் கழுத்தை இழுத்தபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். அவன் இழுத்தது என் தாலிக்கொடியை. வெடுக்கென்று ஓர் இழுப்பு, சங்கிலி கையோடு வரும், ஓடிவிடலாம் என்று நினைத்திருப்பான் பாவம். யாழ்ப்பாணத்துக் கொடியைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒற்றைப்படைப் பவுணில் தடிப்பாக முறுக்கி, திருகுச் சுரை போட்டு இறுக்கிய கொடி அது. அறுவதற்காகச் செய்ததல்ல. ஆகவே கொடி அறவில்லை, நான்தான் படிகளில் மல்லாக்க விழுந்தேன். அவன் விடவில்லை. நானும் இரண்டு கைகளாலும் கொடியைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்த தூஷணமெல்லாம் சுத்தமான தமிழில் சொன்னேன். கடைசியில் அவன் அலுத்துப்போய்க் கையை உதறிவிட்டு அடுத்த மெட்ரோவான ஸ்டாலின்கிராட் பக்கமாக ஓடினான்.

என் கடைக்குப் பக்கத்தில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் அண்ணைதான் ஓடிவந்து தூக்கிவிட்டார். மன்னார்க்காரர், கிறிஸ்தவ வேதக்காரர், நல்ல மனிதர். அவர் கேட்ட முதல் கேள்வி, "கொடி கிடக்கோ தங்கச்சி?" என்பது. இரண்டாவதாகத்தான் கழுத்தைப் பார்த்தார். கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது. உடனே மூன்றாவதைச் சொன்னார்: "உதைக் கழட்டி வீட்டிலை வையுங்கோவன். ஏன் இந்தக் கரைச்சல்?"

அன்றிலிருந்து ஒரு மாதம் அந்த மூன்றாவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கோமிசாரியாவில் முறைப்பாடு எழுதிய பொலிஸ்காரர் மிகவும் மரியாதையாகச் சொன்னார், இப்படியான நகைகளை வெளியே தெரிய அணியாதீர்கள் மதாம். மருந்து கட்டிய டொக்டர் சொன்னார். சட்டை தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் ஸ்கார்ஃபுக்குள்ளே கொடியைச் சுருட்டி வைத்திருப்பவர்கள். மற்றப் பாதி கவரிங் போட்டுக்கொண்டு திரிபவர்கள். ஊரில் கண்பட வேண்டுமென்றே செய்து போடுகிற சாமானை, இங்கே ஏதோ தோல் வியாதியை மறைப்பது போல மறைத்துக்கொண்டு போகிறோம். இதில் யாருக்கும் கோபம் வரவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

நான் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் மேல் முனையில் சேலைச் சட்டை தைக்கிறேன். சின்னக் கடை, இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி. என் கணவர் இறந்து சில வருடங்களாகின்றன. ஆம், கொடி கட்டியவர் போய்விட்டார், கொடி இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. வாசிப்பவர்களில் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். சுளியுங்கள்.

அதைக் கழற்ற நீண்ட முதல் கை கள்ளனுடையதல்ல. செத்தவீட்டில், பெட்டி மூடுவதற்கு முன்னால், என் மச்சாள் கையை நீட்டினா. என் கணவரின் மூத்த அக்கா. முறை தெரிந்தவர், எல்லா வீட்டு நல்லது கெட்டதுக்கும் முன்னுக்கு நிற்பவர். "கழட்டிப் பெட்டிக்குள்ளை வை, அதுதான் முறை" என்றா. நான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். "கட்டினவர் எழும்பி வந்து கழட்டட்டும்" என்றேன். சனம் விக்கித்துப் போயிற்று. நான் ஏதோ பெரிய காதல் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அவரும் நானும் சண்டை பிடிக்காத கிழமை இல்லை. ஆனால் அந்தக் கொடி என் உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி ஆகிவிட்டது. துணி வெட்டக் குனியும்போது மேசையில் தட்டும், நிமிரும்போது நெஞ்சில் விழும். அது இல்லாத என்னை எனக்குத் தெரியாது. அவர் செத்ததற்காக நான் ஏன் ஒன்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம்தான். மச்சாள் ஒரு வருடம் என்னோடு கதைக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கழுத்துக் காயம் காய்ந்துகொண்டிருந்தபோது மச்சாள் பார்க்க வந்தா. தோடம்பழம் கொண்டுவந்தா. இருந்து, தேத்தண்ணி குடித்து, எழும்புகிற நேரத்தில் சொன்னா:

"நான் அண்டைக்கே சொன்னனான். கேட்டிருந்தால் இது வந்திராது."

கள்ளனுடைய இழுப்பை விட அது வலித்தது. நான் எழும்பி நின்று, யோசிக்காமல், "நான் ஒரு துவக்கு வாங்கப்போறன் மச்சாள்" என்றேன்.

"உனக்கு விசரே?"

"ஓம். விசர்தான். கைக்குள்ளை அடங்கிறதாய் ஒண்டு வாங்கப்போறன்."

சொல்லும்வரை எனக்கே தெரியாது. சொன்ன பிறகு பின்வாங்க வழியில்லை, ஏனென்றால் மச்சாளுக்குச் சொன்னது அன்று மாலைக்குள் பரிஸ் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படியே தெரிந்தது. மரக்கறிக்கடை அண்ணை என்னைக் கண்டால் பகிடியாக இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

துப்பாக்கிக் கடை ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில், இரண்டு மெட்ரோ மாறிப் போகிற தூரத்தில் இருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் இங்கேயே பிறந்தவள், ஓர் அலுவலகத்தில் வேலை, நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வழி முழுவதும் பிரெஞ்சில் புறுபுறுத்தாள். நான் தமிழில் காது கேளாதவள் மாதிரி இருந்தேன். எங்கள் வீட்டில் சண்டை இப்படித்தான் நடக்கும்.

கடைக்காரர் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட, குரல் உயராத ஒரு மனிதர். நகைக்கடை மாதிரியே இருந்தது அந்த இடம். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெளிச்சம், வெல்வெட் துணியில் ஒவ்வொன்றாகப் படுக்க வைத்திருந்தார்கள். எனக்குப் புடவைக்கடையிலும் நகைக்கடையிலும் எப்படி வாங்குவது என்று தெரியும். ஆகவே அப்படியே தொடங்கினேன். அதைக் காட்டுங்கள், இதைக் காட்டுங்கள், இதை விடச் சின்னது இருக்கிறதா, இந்தக் கறுப்பில் வேறு பிடி வருமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விளையாட்டுச் சுடுதலுக்கா, வேட்டைக்கா என்றார்.

"என்னைக் காப்பாற்ற" என்றேன் பிரெஞ்சில்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த நாட்டில் அது ஒரு காரணமே அல்ல என்றார். உண்மையான கைத்துப்பாக்கி வேண்டுமென்றால் ஒரு சுடுதல் கழகத்தில் சேர வேண்டும், மாதக்கணக்கில் அங்கே பழக வேண்டும், டொக்டர் கடிதம் வேண்டும், பிரெஃபெக்ச்சர் என்கிற அரச அலுவலகத்தின் அனுமதி வேண்டும். எல்லாம் கிடைத்தாலும் வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டித்தான் வைக்கலாம், கழகத்துக்கு மட்டும்தான் கொண்டுபோகலாம். கைப்பையில் போட்டுக்கொண்டு மெட்ரோ ஏறவே முடியாது. அதாவது, கள்ளன் வீடு தேடி வந்து, நான் பெட்டியைத் திறக்கும்வரை கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்க வேண்டும்.

மகள் வெற்றிப் பார்வை பார்த்தாள். "வொலா, மமோ. வீட்டுக்குப் போவம்" என்பது அந்தப் பார்வையின் பொருள்.

"கையிலை பிடிச்சுப் பார்க்கலாமோ எண்டு கேள்" என்றேன்.

அவர் ஒரு ரிவோல்வரை, உள்ளே ஒன்றுமில்லை என்று திறந்து காட்டிவிட்டு, துணியின் மேல் வைத்தார். குட்டைக் குழல், மரப்பிடி. நான் எடுத்தேன். பாரம் என் வெட்டுக் கத்தரிக்கோலை விட அதிகம். ஆனால் கத்தரிக்கோல் கைக்குள் வந்ததும் தன் பாரத்தை மறக்கச் செய்யும். இது மறக்கவிடவில்லை. விரல் தானாகவே விசைக்குப் போயிற்று, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் போகச் சொல்லவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் துவக்குக் காணாத நாளில்லை. சத்தத்தை வைத்தே எது எந்தப் பக்கத்தினுடையது என்று சொல்லப் பழகியிருந்தோம். ஆனால் நான் துவக்கை எப்போதும் முன்பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். குழலின் ஓட்டை தெரியும், அதற்குப் பின்னால் தொப்பியும் இரண்டு கண்களும் தெரியும். பிடியின் பக்கத்திலிருந்து பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது, பொய் சொல்லவில்லை. முதுகு நிமிர்ந்தது. படியில் விழுந்த மனுஷி இல்லை நான் என்று தோன்றியது.

அப்படியே கையைக் கொஞ்சம் உயர்த்தினேன். கடைக்காரர் சட்டென்று, சுவரைப் பார்த்துத் திரும்புங்கள் மதாம் என்றார். அதற்குள் மகள் குழலுக்கு நேரே இருந்தாள், ஏதோ ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். உள்ளே ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும், பிடித்திருப்பது அம்மா என்றும் தெரியும். ஆனாலும் அவள் தோள்கள் உள்ளே இழுபட்டன, முகம் வெறுமையாகிற்று. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். சோதனைச்சாவடி வரிசையில் நாங்கள் எல்லோரும் அதைத்தான் வைத்திருப்போம். இவள் பரிஸில் பிறந்தவள், ஒரு சாவடியும் கண்டதில்லை. யார் இவளுக்கு அந்த முகத்தைக் கொடுத்தது?

நான் ரிவோல்வரைத் துணியில் திருப்பி வைத்தேன். கழகமும் வேண்டாம், பிரெஃபெக்ச்சரும் வேண்டாம் என்றேன்.

அங்கே நிறுத்தியிருந்தால் இந்தக் கதை மரியாதையாக முடிந்திருக்கும். ஆனால் வெறுங்கையோடு திரும்பினால் மச்சாள் வென்றதாகிவிடும். அனுமதி இல்லாமல் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். அவர் இரண்டைக் காட்டினார். ஒன்று மிளகாய்த்தூள் மாதிரிக் கண் எரிக்கிற சின்னப் போத்தல். மற்றது சத்தம் மட்டும் போடுகிற பிஸ்டல், பார்வைக்கு அசல், முன்னால் குண்டு வராது. வயது வந்தவர் என்று அடையாள அட்டையைக் காட்டினால் போதும். இரண்டையும் வாங்கலாம், ஆனால் தெருவில் கொண்டுதிரியக் கூடாது என்றார். யாருக்கும் நீட்டக் கூடாது, நீட்டினால் மற்றவன் அசலை எடுப்பான் என்றும் சொன்னார். நேர்மையான மனிதர். விற்க விருப்பமில்லாமல் விற்றார்.

"சத்தம் போட எனக்கு எதுக்குப் பிஸ்டல்? வாய் இருக்குத்தானே" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே அந்தப் பிஸ்டலைத்தான் எடுத்தேன். அதிலும் தேர்வு. பெரிதும் சிறிதுமாகச் சில வைத்திருந்தார். நான் கறுப்பில், நடுத்தரமாக, விசை கொஞ்சம் கடினமான ஒன்றைத் தேர்ந்தேன். விரல் தானாகப் போகாது என்பதற்காக. அதைச் சொன்னபோது கடைக்காரர் முதல் தடவையாகத் தலையாட்டினார்.

பெட்டியோடு கொண்டுவந்து வெட்டுமேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. கடைக்குள் என்னை யாரும் கொள்ளையடிப்பதில்லை, இங்கே பிஸ்டல் வைத்திருக்கச் சட்டம் விடுகிறது. படிகளில்தான் இழுக்கிறார்கள், அங்கே விடாது. சட்டம் விட்டிருந்தாலும் கொண்டுபோயிருக்க மாட்டேன். வாங்கிய புதிதில் மெட்ரோவில் போகும்போது, கையைப் பைக்குள் விட்டபடி, அது உள்ளே இருப்பதாகக் கற்பனை செய்து பார்த்தேன். இரண்டு நிறுத்தத்துக்குள் மெட்ரோப் பெட்டியிலிருந்த எல்லா இளந்தாரிகளும் கள்ளர்களாகிவிட்டார்கள். ஒருவன் எழும்பி எனக்கு இடம் தந்தான். அவனையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே இருந்த அந்தக் கண்கள் எப்படிப் பார்த்தன என்று அப்போதுதான் விளங்கிற்று. எனக்கு அந்தக் கண்கள் வேண்டாம்.

ஆனால் கொடியை நான் கழற்றவில்லை, உள்ளே தள்ளவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதே படிகளால் ஏறி இறங்கினேன். பயம் இருந்தது. முதுகில் யாரோ மூச்சு விட்டால் கை கொடிக்குப் போயிற்று. அதையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போனேன்.

நவராத்திரி வந்தது. ஆயுத பூசையன்று நான் தைப்பதில்லை. மெஷின்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி, அளவுநாடா, ஸ்திரிக்கைப்பெட்டி எல்லாவற்றையும் வெள்ளைத்துணி விரித்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவேன். அவலும் கடலையும் வாடிக்கையாளர்களுக்கு. லாச்சியைத் துடைக்கும்போது பிஸ்டல் கையில் வந்தது. இத்தனை வருடமும் ஊசியையும் நூலையும் ஆயுதம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, உண்மையான ஆயுதம் ஒன்று கடைக்கு வந்த வருடத்தில் அதை விட்டுவிடுவதா? அது உண்மையானதும் இல்லை என்பது வேறு விஷயம். மச்சாள் வரப்போகிறா என்பதும் மனதில் இருந்தது. அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்து, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தேன். தெருவைப் பார்த்த கண்ணாடியை நான் யோசிக்கவே இல்லை.

மச்சாள் பார்த்தா, வாயை இறுக்கிக்கொண்டு கடலைக் கோப்பையோடு மூலையில் இருந்தா. மகள் அலுவலகத்திலிருந்து நேரே வந்து, பார்த்து, "மமோ!" என்று நெற்றியில் கை வைத்தாள். மரக்கறிக்கடை அண்ணை ஒவ்வொரு வருடமும் கடலைக்கு வருபவர். அன்று அவர் பகிடி விடவில்லை.

"கடல் தாண்டி வந்து இதையோ தங்கச்சி கும்பிடுறியள்?" என்றார் மெதுவாக.

நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

தட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பொலிஸ், ஒரு பெண்ணும் ஓர் ஆணும், கைகள் இடுப்பில். தெருவில் போன யாரோ கண்ணாடியால் பார்த்துவிட்டு அழைத்திருக்கிறார்கள். எல்லோரும் கையைத் தெரிய வையுங்கள் என்றாள் அந்தப் பெண். அவள் சொல்லி முடிப்பதற்குள் அண்ணையின் கைகள் மேலே போயிருந்தன. பகிடிக்குத் தூக்குகிற கைகள் அல்ல அவை. மச்சாளின் கைகளும் போயின, ஒன்றில் கடலைக் கோப்பை. நான் மட்டும் எரிகிற கற்பூரத் தட்டோடு நின்றேன். அதைக் கீழே வைத்தால் துணி பற்றிவிடும்.

மகள்தான் பேசினாள், வேகமாக, மூச்சு விடாமல். இன்று கருவிகளைக் கும்பிடுகிற நாள், அது அசலில்லை, சத்தம் போடுகிறது மட்டும், வாங்கிய ரசீதுத் துண்டு இருக்கிறது என்றாள். பொலிஸ்காரன் பூவை எடுத்து வைத்துவிட்டு, பிஸ்டலைத் திறந்து பார்த்தான். அவன் விரலில் சந்தனம் ஒட்டியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஊதாமல், கற்பூரம் தானாக அணையும்வரை காத்திருந்தேன்.

கடைசியில் அந்தப் பெண் மூச்சை விட்டாள். இளம் பெண், என் மகளின் வயது இருக்கும். இது உங்களிடம் இருக்கலாம் மதாம், ஆனால் பூட்டிய பெட்டிக்குள், கண்ணாடியில் தெரியாத இடத்தில் என்றாள். சரி என்றேன். அது நியாயம். பிறகு அவள் கண் என் கழுத்துக்கு வந்தது. காயத்தின் தழும்பையும் கொடியையும் பார்த்தாள். அன்பாகத்தான் சொன்னாள், அதையும் உள்ளே போட்டுக்கொள்ளுங்கள், இந்தப் பகுதியில் அது நல்லதல்ல.

"கேளன் பொலிஸ் சொல்லுறதை" என்றா மச்சாள் மூலையிலிருந்து. கைகளை இன்னும் இறக்கவில்லை. அண்ணை தலையாட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் தலையாட்ட வேண்டும் என்று.

கோபம் வந்தால் எனக்குப் பிரெஞ்சு போய்விடும். தமிழில்தான் வந்தது.

"துவக்கை ஒளிக்கச் சொன்னியள், ஒளிக்கிறன். இதை ஏன் ஒளிக்க வேணும்? களவெடுத்தவன் ஒளியட்டும். நான் என்ன களவெடுத்தனானோ?"

பொலிஸ்காரி மகளின் முகத்தைப் பார்த்தாள். என் மகள் என் ஆத்திரத்தை எப்போதும் வடிகட்டித்தான் மொழிபெயர்ப்பாள். பிரெஃபெக்ச்சரிலும் ஆஸ்பத்திரியிலும் நான் கத்துவது அவள் வாயால் வெளியே வரும்போது நன்றி சொல்வது போல இருக்கும். அன்று அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி, நான் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே, குரலையும் தணிக்காமல் சொன்னாள். கடைசிக் கேள்வியை இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை "அம்மா" என்பதற்குப் பதிலாக "நாங்கள்" என்று சொன்னாள்.

மச்சாள் மெதுவாகக் கைகளை இறக்கிக் கடலைக் கோப்பையை மேசையில் வைத்தா.